நச்சுப் பொய்கையை வரைந்து காணொளியாக்கியது: குரல் முதலில், கோடு பிறகு

மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் நச்சுப் பொய்கைக் கதையைக் கையால் வரைந்து, வரைவதை மேலிருந்து படம்பிடித்து, 6 நிமிடம் 20 வினாடி ஓடும் காணொளியாக ஒருவழியாக முடித்துவிட்டேன். திருவான்மியூர் வீட்டில் ஒரு சின்ன அறை, பழைய சாப்பாட்டு மேசை, ஒரு போன், கைச்செலவு 3,350 ரூபாய். இதிகாசக் கதைகளை இப்படி வரைந்து சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஸ்டாண்டு எப்படிப் போடுவது, விளக்கை எங்கே வைப்பது, எது வேலைக்கு ஆகவில்லை என்பதெல்லாம் உதவும் என்று எழுதுகிறேன். வேலையின் வரிசையைப் பாதியில் திருப்பிப் போட்ட பிறகுதான் படம் படமாகவே ஆனது, அதையும் அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம் எளிது. குருட்சேத்திரம் வரைவதென்றால் தேர், யானை, குதிரை, கொடி என்று கை ஓய்ந்துவிடும். இதற்கு ஒரு குளம், ஐந்து பேர், ஒரு பறவை போதும். 12 ஆண்டு வனவாசம் முடியும் தறுவாயில் ஓர் அந்தணர் வேள்வித்தீ கடையும் அரணிக்கட்டையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு மான் ஓடிவிடுகிறது, துரத்திப் போன பாண்டவர்களுக்குத் தாகம், தண்ணீர் எடுக்கப் போன நான்கு தம்பிகளும் ஒருவர் பின் ஒருவராகக் குளக்கரையில் விழுகிறார்கள், கடைசியில் தருமர் வந்து அந்தக் குளத்தைக் காக்கும் யட்சனின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இது வியாசர் சொல்வது. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் காளமாமுனிவரின் வேள்வியோடு சேர்த்து வேறு மாதிரி கொண்டுபோகிறார். இரண்டையும் கலந்து எழுதிப் பார்த்தேன், ஆறு நிமிடத்துக்குள் இரண்டு தொடக்கம் தாங்கவில்லை. மான் ஓடுவதில் தொடங்கினால் முதல் வினாடியிலேயே படத்தில் ஓட்டம் இருக்கிறது, அதனால் வியாசரோடு நின்றுவிட்டேன். பெயர் மட்டும் நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய நச்சுப் பொய்கை.

முதலில் முயன்றது கம்ப்யூட்டரில் ஆயத்தமாகக் கிடைக்கும் வெள்ளைப்பலகை மென்பொருள். படத்தைக் கொடுத்தால் ஒரு கை வந்து தானாக வரைவதுபோல் காட்டும். வேகமாக முடிகிறது, உண்மைதான், ஆனால் அந்தக் கைக்கு எதை முதலில் வரைய வேண்டும் என்று தெரியாது. பீமனின் இடது கால் விரலில் ஆரம்பித்து முகத்தைக் கடைசியில் போடும். நமக்கோ கதை சொல்லும்போது முதலில் கண், அப்புறம் அது பார்க்கும் பொருள், அப்புறம் உடம்பு. வரிசை கெட்டால் கதை கெடுகிறது. அதை விட்டுவிட்டு நிஜமான கை, நிஜமான தாள் என்று முடிவு செய்தேன்.

ஸ்டாண்டு. பழைய இரும்புக் கடையில் ஓட்டை போட்ட ஆங்கிள் எடைக்குக் கிடைத்தது, 420 ரூபாய். மேசையின் இரண்டு பக்கமும் நிற்கும்படி இரண்டு கால், மேலே குறுக்கே ஒரு துண்டு, நட்டு போல்ட்டில் முறுக்கி, குறுக்குத் துண்டின் நடுவில் 280 ரூபாய் போன் ஹோல்டர். முதலில் போனைத் தாளிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் வைத்தேன். ஏ3 தாளின் 42 செ.மீ. அகலம் ஃபிரேமில் அடங்கியது, ஆனால் பேனாவின் பின்முனை போனில் இடித்தது, என் தலை நிழல் தாளில் விழுந்தது, ஓரங்களும் லேசாக வளைந்து தெரிந்தன. 70 செ.மீ.க்கு ஏற்றி இரண்டு மடங்கு ஜூமில் வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த உயரத்தில் ஏறக்குறைய 48 செ.மீ. அகலம் தெரிகிறது, தாளைச் சுற்றிக் கொஞ்சம் இடமும் மிஞ்சுகிறது. காணொளி 16க்கு 9 என்பதால் தாள் முழுக்கப் பயன்படாது. 40 செ.மீ. நீளம், 22.5 செ.மீ. அகலத்தில் பென்சிலால் ஒரு பெட்டி போட்டு, அதற்குள்தான் வரைய வேண்டும். ஸ்டாண்டை மேசையோடு சேர்க்காமல் தரையில் நிற்க வைப்பது நல்லது. மேசையில் பிணைத்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் படம் ஆடுகிறது.

விளக்குக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, இடமும் வலமும் 45 டிகிரி சாய்வில், முன்னால் பட்டர் பேப்பர். ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்தால் கையின் நிழல் கருப்பாக விழுந்து, இப்போதுதான் போட்ட கோட்டை மறைத்துவிடும். இதில் நான் அதிகம் அல்லாடியது படத்தில் மேலிருந்து கீழே ஊர்ந்த வரிவரியான பட்டைகளோடுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது, போனோ வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது. 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கையால் வைத்த நிமிடமே பட்டை போய்விட்டது. கூடவே வெளிச்சம், ஃபோகஸ், வெள்ளைநிறச் சமன் மூன்றையும் லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கை ஃபிரேமுக்குள் வரும்போதெல்லாம் தாளின் நிறம் மாறும்.

தாள் விஷயத்தில் சென்னைக் காற்றோடு போராட வேண்டும். கடலுக்குப் பக்கத்து வீடு, தாள் இரவோடு இரவாக வயிறு தள்ளிக்கொள்ளும். மேலே கண்ணாடி வைத்து அழுத்தினால் பல்பு அதில் பிரதிபலிக்கிறது. தடிமனான 300 ஜி.எஸ்.எம். தாளை 12 மி.மீ. பிளைவுட் பலகையில் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டியதில் பெரும்பாலும் அடங்கியது. எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் உறை, உள்ளே செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா பொட்டலங்கள். மின்விசிறியை நிறுத்தாமல் வேலை நடக்காது, கத்திரி வெயிலில் அது பெரிய சோதனை. வியர்வை மையைக் கரைக்காமல் இருக்க ஒரு பருத்திக் கையுறையில் இரண்டு விரலை வெட்டிவிட்டுச் சுண்டுவிரல் பக்கம் மட்டும் மூடும்படி போட்டுக்கொண்டேன். மழைக்காலத்தில் மை காய நேரமாகிறது, கோடு போட்டு கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிறம் தொடலாம்.

இவ்வளவும் தயாரானதும் கதை முழுவதையும் வரைந்து தள்ளினேன். எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, அதன்மேல் குரலை ஒட்டினேன். பார்க்கச் சகிக்கவில்லை. குரல் நகுலனிடம் இருக்கும்போது கை அருச்சுனனிடம் இருந்தது. குரலை இழுத்தால் பேச்சு செத்தது, படத்தை நிறுத்தினால் கை அந்தரத்தில் நின்றது. எட்டு மடங்கு வேகத்தில் யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள்.

அப்போதுதான் வரிசையைத் திருப்பினேன். முதலில் குரல், முழுதாக, ஒரு வார்த்தைகூட இனி மாறாது என்கிற அளவுக்கு. அப்புறம் வினாடிக் கணக்கு. அப்புறம்தான் பேனா.

குரல் என் பெரியம்மாவுடையது. செய்யாற்றுப் பக்கம், திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகக் கேட்டு வளர்ந்தவர். எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொன்னபோது சரியாக வரவில்லை. தாளை வாங்கி வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க பெரியம்மா" என்றேன். வந்தது பாருங்கள்! நகுலன் விழும் இடத்தில் நிறுத்தி, "உடனே அடுத்தவனை அனுப்பாத கண்ணு. இன்னும் காணோமேன்னு அண்ணன் பாக்கணும் இல்ல, கேக்கறவங்களும் கூடச் சேந்து பாக்கட்டும்" என்றார். காணொளியில் தம்பிகள் ஒவ்வொருவருக்கும் நடுவே மூன்று வினாடி வெறும் பாதை மட்டும் தெரியும். அது அவர் சொன்ன இடம்தான், எந்த மென்பொருளும் சொல்லித் தந்திருக்காது.

ஒலிப்பதிவு இரவு பதினொன்றரைக்கு மேல். பகலில் குயில், தண்ணீர் லாரி, கீரைக்காரர், மேல்வீட்டு மிக்ஸி என்று ஏதாவது ஒன்று வரும். ஃபிரிட்ஜை அணைத்து, மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி, ரிச்சி தெருவில் 900 ரூபாய்க்கு வாங்கிய காலர் மைக்கை முந்தானையில் குத்திப் பதிந்தோம். பின்னணி இரைச்சலை ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் லேசாகக் குறைத்தேன். அதிகம் குறைத்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது.

பிறகு ரூல் போட்ட நீள நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே வினாடி எழுதினேன். நான்கு மடங்கு வேகம்தான் உச்சம் என்று வைத்துக்கொண்டேன், அதற்கு மேல் கண் ஏற்பதில்லை. அப்படியானால் "நகுலன் மரத்துல ஏறிப் பாத்தான்" என்பதற்கு 4 வினாடி, நிஜத்தில் வரைய எனக்கு 16 வினாடி. பதினாறு வினாடியில் மரத்தின் இரண்டு பக்கக் கோடும், தொங்கும் ஒரு காலும், நெற்றியில் வைத்த ஒரு கையும் போடலாம், அவ்வளவுதான். அதுவே போதும் என்பது வரைந்த பிறகு தெரிந்தது. முன்கூட்டியே 4எச் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்தால் கேமராவுக்குத் தெரியாது, உங்கள் கண்ணுக்குத் தெரியும், கை தடுமாறாமல் அதன்மேல் போகும்.

ஆட்களை எப்படி வேறுபடுத்துவது என்பது அடுத்த பிரச்சினை. வனவாசத்தில் ஐந்து பேருமே மரவுரியும் சடையுமாக இருப்பார்கள். பீமனுக்குக் கதாயுதம், அருச்சுனனுக்கு வில், சரி. இரட்டையர்? இங்கே மூலத்தைத் திரும்பவும், இந்தமுறை கண்ணால் பார்க்கக்கூடியது என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் தேடிப் படித்தேன். யட்சன் ஒரு தம்பியை மட்டும் எழுப்புகிறேன் என்றதும், தருமர் நகுலனைக் கேட்கும்போது அவன் எப்படி இருப்பான் என்று அடையாளம் சொல்கிறார்: கருநிறம், சிவந்த கண், ஆச்சா மரம்போல உயரம், அகன்ற மார்பு. அதுவரை அழகன் என்றால் வெளுப்பு என்று கையும் பழக்கத்தில் வெளுப்பாகவே வரைந்துகொண்டிருந்தது. நகுலன் தாள் எல்லாவற்றையும் மாற்றினேன். படத்தில் கருப்பு மையும் குளத்து நீலமும் தவிர வேறு நிறம் கிடையாது, அவன் கண்ணில் மட்டும் துளி சிவப்பு.

அதே தேடலில் இன்னும் இரண்டு கிடைத்தன. விழுந்து கிடந்த தம்பிகளை விஷம் தாக்கியவர்களாக நீலம் பாய்ச்சி வைத்திருந்தேன். ஆனால் தருமர் அவர்களைப் பார்த்ததும், முகத்தின் நிறம் மாறவில்லையே, இது விஷமாக இருக்காது என்றுதான் யோசிக்கிறார். உடம்பில் ஆயுதம் பட்ட அடையாளம் இல்லை, வேறு யாருடைய காலடித் தடமும் இல்லை என்றும் கவனிக்கிறார். ஆக முகம் தெளிவாக, தூங்குபவர்போல இருக்க வேண்டும், குளத்தங்கரை மண்ணில் தடம் வேண்டும். நான்கு பேரின் தடம் தண்ணீரை நோக்கிப் போகிறது, திரும்பி வரும் தடம் எதுவும் வரையவில்லை. பெரியம்மா அந்த இடத்தில் பேசவே இல்லை, ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

விழும் காட்சிகளைக் கோட்டில் வரைய முடியாது, அங்கே அட்டையில் வெட்டிய உருவங்கள். தோல்பாவைக் கூத்தில் கை மூட்டைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார்கள் இல்லையா, அதே முறை. முதலில் டிச் பட்டன் வைத்தேன், தடிமனாக இருந்து நிழல் அடித்தது. ஊசியால் துளை போட்டு, நூல் கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுப் பின்னால் ஒரு துண்டு டேப் ஒட்டியதுதான் சரியாக வந்தது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால். கொஞ்சம் நகர்த்து, ஒரு படம் எடு, வினாடிக்கு 12 படம். நகுலன் விழ 18 படம். நால்வரையும் அதே 18இல் விழ வைத்துப் பார்த்தால் பீமன் காற்றடைத்தவன்போல மிதந்து இறங்கினான். கனமானவன் தாமதிக்காமல் விழ வேண்டும். அவனுக்கு 9 படம் மட்டும், விழுந்ததும் தூசி, அதன்பின் ஒன்றரை வினாடி எதுவும் அசையக் கூடாது. கனம் வந்துவிட்டது. அருச்சுனன் கண்ணுக்குத் தெரியாத குரலை நோக்கி நாலாபக்கமும் அம்பு விடுவான், அந்த அம்புக் கோடுகளை ஃபிரேமைத் தாண்டித் தாளின் ஓரம்வரை இழுத்தேன்.

பறவைக்காகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போனேன். யட்சன் முதலில் பாசியும் மீனும் தின்னும் கொக்காகத்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். சாலையோரத்தில் நின்றாலே குருட்டுக்கொக்கைப் பார்க்கலாம், பழுப்பும் கோடுமாகத் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருக்கும், இருப்பதே தெரியாது. பறக்கும்போது சிறகு விரிந்ததும் பளீரென்று வெள்ளை. அப்படியே எடுத்துக்கொண்டேன். படத்தின் முதல் நொடியிலிருந்தே அது கரையில் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை, நீ யார் என்று தருமர் கேட்கும்போதுதான் சிறகு விரிக்கிறது.

அதன்பின் வரும் யட்சன் பனைமர உயரம், பருத்த உடல், தீயும் சூரியனும்போல ஒளி. 22.5 செ.மீ.யில் பனைமர உயரத்தைக் காட்ட முடியாது. தாள்களைப் பின்பக்கம் ஒட்டி 60 செ.மீ. நீளமாக்கி அதில் காலிலிருந்து தலைவரை வரைந்தேன், பக்கத்தில் தருமர் 4 செ.மீ. பலகையில் இரண்டு ஸ்டீல் ஸ்கேலை இணையாக ஒட்டி, நடுவில் தாளைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கையால் ஒரே இழுப்பாக இழுத்தால் உதறுகிறது. ஒரு படத்துக்கு 4 மி.மீ. என்று நகர்த்தி 94 படம் எடுத்தேன், எட்டு வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. பாதம், முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறிக்கொண்டே போகும்போது, இன்னுமா, இன்னுமா என்று இருக்கிறது. எனக்கு மொத்தப் படத்திலும் மிகப் பிடித்த எட்டு வினாடி இதுதான்.

கேள்விகள்தான் கதையின் உயிர். மூலத்தில் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் வைத்தால் பரீட்சை ஆகிவிடும். வரையக்கூடியவற்றை மட்டும் எடுத்தேன். தூங்கும்போதும் கண் மூடாதது எது? மீன். பிறந்தும் அசையாதது? முட்டை. இதயம் இல்லாதது? கல். வேகத்தால் வளர்வது? ஆறு. இந்த நான்கையும் தாளை மாற்றாமல் ஒரே படத்தில் கொண்டுவந்தேன்: முதலில் மீன், அதைச் சுற்றி ஒரு வளைவு போட்டால் முட்டை, உள்ளே இருக்கும் மீன் மறையும்வரை குறுக்குக் கோடு அடித்தால் கல், கல்லின் இரண்டு பக்கமும் கோடுகள் பிரிந்து ஓடினால் ஆறு. பெரியம்மா கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒன்றரை வினாடி விடுகிறார், அந்த இடைவெளியில் கோடு தொடங்கிவிடும். எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது பதில் வருமுன்னே "முட்டை! முட்டை!" என்று கத்தினார்கள். காற்றைவிட வேகமானது எது என்பதற்கு மனம் என்று பதில். அதற்கு எதையும் வரையவில்லை, பேனாவைத் தூக்கிவிட்டேன், இரண்டு வினாடி வெற்றுத்தாள்.

தண்ணீர் ஓசை பித்தளை அண்டாவில் சொம்பை அமிழ்த்தியது, அம்பின் ஓசை துடைப்பக்குச்சியைக் காற்றில் வீசியது. பாட்டு எதுவும் வைக்கவில்லை. கதையும் சுலோகமும் யாருக்கும் சொந்தமில்லை என்றாலும், பாடிப் பதிந்த ஒலிக்கு உரிமை உண்டு, நம் சட்டப்படி அது வெளியான பிறகு 60 ஆண்டு. தொகுத்தது டாவின்சி ரிசால்வ் என்கிற காணொளி மென்பொருளின் இலவசப் பதிப்பில்.

செலவில் இதுவரை சொன்னவை போக பல்பு இரண்டும் 220, ஒயர், பல்பு ஹோல்டர் 160, தாள் 640, பேனாவும் மையும் 350, பிளைவுட் 380. தாளைத் தவிர மற்றதெல்லாம் அடுத்த படத்துக்கும் வரும்.

அடுத்தமுறை மாற்றப்போவது: அட்டை உருவங்களைத் தாளில் நேரடியாக வைக்காமல், இரண்டு அங்குலம் உயரத்தில் ஒரு கண்ணாடி, அதன்மேல் உருவம், கீழே பின்னணி. விளக்கை இன்னும் தாழ்த்திச் சாய்த்தால் பிரதிபலிப்பு வராது என்று ஒரு சின்னத் துண்டில் பார்த்துவிட்டேன். நூல் முடிச்சுகள் அறுபது எழுபது படத்துக்குள் தளர்கின்றன, மெழுகு தேய்த்த நூல் போடவேண்டும். இரவு வேலை முடிந்ததும் தாளை அசைக்காமல் விடுவதற்குத் தனி மேசை வேண்டும், சாப்பாட்டு மேசையில் அது நடக்காது. கதை ஜடாயு. பெரியம்மா ஏற்கெனவே ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டார், 9 நிமிடம் வருகிறது. அந்தச் சிறகுகளுக்கு எத்தனை மூட்டு வைப்பது என்பதை இந்த வாரம் அட்டையில் வெட்டிப் பார்க்கவேண்டும்.